படைப்பணிக்குப் பின் படிப்பு: அயல்நாட்டுப் பணம் யாருக்குப் போகிறது?

வாசகர் கேள்வி - பதில்

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர் வட்டாரங்களிலிருந்து படைவீரர் குடும்பத்தார் எழுதிய கடிதங்கள் இம்முறை மிகுதியாக வந்திருக்கின்றன. பணி முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் வேறொரு தொழில் கற்றுக்கொள்வதற்கு அரசுகள் தரும் பணத்தைப் பற்றியே அவற்றில் பெரும்பாலானவை கேட்கின்றன. ஆகவே இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகன் ராணுவத்தில் குறுகிய காலப் பணி அதிகாரியாகச் சேர்ந்தவன். இப்போது மேஜராக இருக்கிறான். அடுத்த ஆண்டு 10 ஆண்டுப் பணி முடிந்து வெளியே வருகிறான். ஓய்வூதியம் கிடையாது. ஐரோப்பிய அரசுகள் முன்னாள் ராணுவ அதிகாரிகளுக்குத் தங்கள் செலவிலேயே புதுத் தொழில் கற்பிக்கின்றன என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். என் மகன் அதில் சேர முடியுமா?
- ஒரு தந்தை, திருமங்கலம்

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் உங்கள் மகனுக்கு உரியதன்று. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் உங்களுக்கும், இதே பேச்சைக் கேட்டு நம்பிக்கையோடு காத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும்.

ஓர் அரசு தன் சொந்தப் படைவீரர்களின் மறுபயிற்சிக்குப் பணம் ஒதுக்குவது பல நாடுகளில் உள்ள வழக்கம். அதைப் பற்றி மேலூர் ஆசிரியை ஒருவரின் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பார்ப்போம். ஓர் அரசு இன்னொரு நாட்டின் முன்னாள் அதிகாரிகளுக்காகப் பணம் செலவழிப்பது அரிது. நடந்த சில இடங்களிலும் அதற்கு அழுத்தமான அரசியல் காரணம் இருந்தது.

1990 அக்டோபரில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்கு முதன்மையான சான்று. அப்போது கிழக்கு ஜெர்மனியில் சுமார் 3.4 லட்சம் சோவியத் படையினர் தங்கியிருந்தனர். அவர்கள் வெளியேறினால்தான் ஒன்றுபட்ட ஜெர்மனி முழுத் தன்னுரிமையோடு இயங்க முடியும். ஆனால் திரும்பிப் போகிறவர்களுக்குச் சொந்த நாட்டில் வீடும் இல்லை, படைக் குறைப்புக்குப் பிறகு வேலையும் இருக்காது. எனவே ஜெர்மனி 1,200 கோடி மார்க் (அன்றைய ஜெர்மன் நாணயம்) நிதியும் 300 கோடி மார்க் வட்டியில்லாக் கடனும் தர ஒப்புக்கொண்டது. அந்த 1,200 கோடியில் 780 கோடி மார்க் வீடுகள் கட்டவும், 20 கோடி மார்க் மறுபயிற்சிக்காகவும் ஒதுக்கப்பட்டது. கடைசிப் படைப்பிரிவு 1994 ஆகஸ்ட் 31 அன்று வெளியேறியது.

இரண்டாவது சான்று நார்வே. சோவியத் ஒன்றியம் கலைந்தபோது உக்ரைனின் பங்குக்குச் சுமார் 7.8 லட்சம் பேர் கொண்ட படை வந்து சேர்ந்தது. அவ்வளவு பெரிய படைக்குச் சம்பளம் கொடுக்க அந்த நாட்டால் முடியவில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அதிகாரிகள் நடுத்தர வயதில் வேலையிழந்து வெளியே வந்தார்கள். 2003 முதல் நார்வே வெளியுறவு அமைச்சகம், தன் நாட்டுப் போடோ நகரில் உள்ள பல்கலைக்கழகத்தின் துணையோடு, அவர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் திட்டத்துக்கு நிதி கொடுத்து வந்தது. இதில் நான் பெரிதும் மதிக்கும் செய்தி ஒன்று உண்டு. அதிகாரியின் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அதே பயிற்சியில் சேர இடமளித்தார்கள். படைப்பணியிலிருந்து வெளியேறுவது ஒரு குடும்பமே ஊரும் வருமானமும் மாறும் நிகழ்வு என்பதை உணர்ந்து வகுக்கப்பட்ட ஏற்பாடு அது. இதே காலத்தில், 2002 ஜூலையில், நேட்டோ அமைப்பும் ரஷ்யாவும் சேர்ந்து ஓய்வுபெறும் ரஷ்யப் படையினருக்கான தகவல் மற்றும் பயிற்சி மையம் ஒன்றை மாஸ்கோவில் திறந்தன.

இந்த ஏற்பாடுகளில் எல்லை தாண்டிச் சென்றது பணமே. ஜெர்மனியின் பணம் நாடு திரும்பிய சோவியத் படையினருக்குச் சென்றது. உக்ரைன் அதிகாரி உக்ரைனிலேயே, தன் ஊர்ப் பக்கத்துக் கல்வி நிலையத்தில் படித்தார். நார்வேயில் குடியேறுவதற்காக யாரும் பயிற்றுவிக்கப்படவில்லை. பயிற்சியின் நோக்கமே சொந்த ஊரில் வேலை கிடைக்கச் செய்வதுதான். உங்கள் மகன் இந்திய ராணுவத்தில் பணியாற்றுபவர். அவரது மறுபயிற்சிக்குப் பொறுப்பான அரசு புதுடெல்லியில் இருக்கிறது. அங்கே கேட்க வேண்டியதை அங்கே கேட்பதற்குக் காலம் குறைவாக இருப்பதால், அடுத்த பதிலையும் தயவுசெய்து படியுங்கள்.

கேள்வி: பணி முடிந்து வெளியேறும் அதிகாரிகளுக்கு நம் மத்திய அரசு என்ன பயிற்சி தருகிறது? கட்டணம் யார் கட்டுகிறார்கள்? ஜவான்களுக்கும் அதே சலுகை உண்டா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறையின் கீழ் மறுவாழ்வுத் தலைமை இயக்ககம் இருக்கிறது. படையில் இருப்பவர்கள் 'டிஜிஆர்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். இந்திய மேலாண்மை நிறுவனங்கள் உள்ளிட்ட கல்வி நிலையங்களில் அதிகாரிகளுக்கென 24 வார மேலாண்மைப் படிப்புகளையும், வேறு பல குறுகிய காலப் பயிற்சிகளையும் அது நடத்துகிறது. அதிகாரிகளின் கட்டணத்தில் 60 விழுக்காட்டை அரசு ஏற்கிறது, 40 விழுக்காட்டை அதிகாரி கட்ட வேண்டும். ஜேசிஓக்கள் எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் மற்ற வீரர்களுக்கும் முழுக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பயிற்சி இடங்கள் அனைத்தும் இந்தியாவுக்குள்தான் இருக்கின்றன.

இங்கே நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது காலக்கெடுவைத்தான். இந்தப் படிப்புகளுக்குப் பணியில் இருக்கும்போதே, கடைசி ஓரிரு ஆண்டுகளுக்குள், தன் படைப்பிரிவின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்து பெட்டியை இறக்கி வைத்த பிறகு, ஆற அமர மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம் என்று தள்ளிப்போட்டால் நல்ல படிப்புகளின் கதவு அதற்குள் மூடிவிடும். திருமங்கலம் தந்தை இன்றைக்கே தொலைபேசியில் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி, "பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டாயா?" என்பதுதான்.

ஜவான்களாக இருந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 ஆண்டுப் பணியும் உள்ளவர்களை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளுக்குத் தகுதியுள்ளவர்களாக ஏற்கிறார்கள். அதைப் பட்டமாகவே கருதி வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது செல்லாது. முதுநிலைப் படிப்பு வேண்டுமென்றால், முதலில் தொலைநிலைக் கல்வியிலாவது முறையான இளநிலைப் பட்டம் பெற்றாக வேண்டும்.

கேள்வி: அமெரிக்கா தன் வீரர்களுக்குக் கல்லூரிப் படிப்பையே இலவசமாகத் தருகிறது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். நம் நாட்டில் ஏன் அப்படி இல்லை?
- ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: உங்கள் கேள்விக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம், போர் முடிந்து திரும்பும் அமெரிக்க வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மாதந்தோறும் வாழ்க்கைப்படியும் தந்தது. 1956 வரை ஏறத்தாழ 78 லட்சம் பேர் அதன்வழி கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள், அவர்களில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளுக்குச் சென்றார்கள். ஆனால் அதன் நிறைவேற்றம் உள்ளூர் நிர்வாகங்களின் கையில் இருந்ததால், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு அந்தப் பயன் மிகக் குறைவாகவே எட்டியது. மாணவர்களுக்கு முன்பாதியைச் சொல்லும்போது பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

இன்று நடைமுறையில் உள்ள சட்டம் 2009 ஆகஸ்டில் செயலுக்கு வந்தது. முழுத் தகுதி பெற்றவருக்கு 36 மாதக் கல்விக்கு உதவி கிடைக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு மனைவிக்கோ பிள்ளைக்கோ அதை மாற்றித் தரலாம். ஏற்கப்பட்ட வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிப்பதற்கும், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்புக்குள், அதைப் பயன்படுத்தலாம். வெளிநாட்டில் படிக்கும் முன்னாள் வீரருக்கு அவருடைய அரசே கட்டணம் கட்டுவது என்பதற்கு இன்று தெளிவான உதாரணம் இதுதான். திருமங்கலம் கடிதத்தில் சொல்லப்பட்ட பேச்சு இங்கிருந்துகூடக் கிளம்பியிருக்கலாம்.

நம் நிலைக்கு அமெரிக்காவைவிட ஜெர்மனி நெருக்கமான ஒப்பீடு என்று கருதுகிறேன். அங்கே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் ஒப்பந்தத்தில் சேரும் படைவீரர்கள் உண்டு, நம் குறுகிய காலப் பணி அதிகாரிகளைப் போல. 12 ஆண்டு பணியாற்றிய ஒருவர் 60 மாதங்கள் வரை அரசு உதவியோடு படிக்கலாம். ஐந்து ஆண்டுகள் என்பது ஒரு முழுப் பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும் போதுமானது. பிரிட்டனில் 6 ஆண்டு பணியாற்றியவருக்கே முழு மறுவாழ்வு உதவி தொடங்கிவிடுகிறது. பணி முடிவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கைகொடுக்கும் அந்த ஏற்பாடு, பணி முடிந்து இரண்டு ஆண்டுகள் வரை தொடர்கிறது.

நம்மிடம் இருப்பது 24 வாரமும் 60 விழுக்காடும். முழுக்காலப் பணியாற்றி ஓய்வூதியத்தோடு வெளியேறும் கர்னல் ஒருவருக்கு இது தாங்கக்கூடிய ஏற்பாடாக இருக்கலாம். 10 அல்லது 14 ஆண்டு பணியாற்றி, ஓய்வூதியம் இல்லாமல், பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு 34, 35 வயதில் வெளியே வரும் அதிகாரிக்கு இது போதவே போதாது. அவரோடு கல்லூரியில் படித்தவர்கள் தங்கள் துறையில் அதற்குள் மூத்த நிலைக்கு வந்திருப்பார்கள். பொறுப்பேற்கவும் ஆட்களை நடத்தவும் இவருக்குத் தெரிந்த அளவுக்கு அவர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அதைச் சான்றிதழாகக் காட்ட இவரிடம் ஒன்றும் இருக்காது. ஓய்வூதியம் தராத பணிக்காலத்துக்கு ஈடாக இரண்டு ஆண்டுப் படிப்பின் முழுக் கட்டணத்தையும், வெளியேறிய பிறகும் இரண்டு ஆண்டுகள் விண்ணப்பிக்கும் உரிமையையும் அரசு தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 40 விழுக்காட்டை வாங்கிக்கொள்வதால் கருவூலத்துக்கு மிஞ்சுவது சொற்பம், அந்தக் குடும்பத்துக்கு அது பெருந்தொகை.

நம் நாட்டுக்கு இந்த எண்ணம் புதியதும் அன்று. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், படையிலிருந்து விடுவிக்கப்படும் லட்சக்கணக்கான இந்திய வீரர்களை வேறு தொழிலில் அமர்த்துவதற்காக மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் தொடங்கப்பட்டது. பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும், பிறகு எல்லாருக்குமாக அது விரிந்தது. இன்று நம் பட்டதாரிகள் பதிவைப் புதுப்பிக்கச் செல்லும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது. இதையும் உங்கள் வகுப்பில் சொல்லலாம்.

கேள்வி: நான் விமானப்படையில் குறுகிய காலப் பணி முடித்தவள், வயது 33. வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புக்கு எந்த அரசு உதவித்தொகை எனக்குப் பொருந்தும்?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: முன்னாள் படை அதிகாரி என்பதற்காகத் தனி ஒதுக்கீடு எதுவும் இல்லை, பொதுப் போட்டியில்தான் இறங்க வேண்டும். பணி அனுபவத்தை விலையுள்ளதாக மதிக்கும் உதவித்தொகைகளைத் தேர்ந்தெடுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு முழுச் செலவையும் தருகிறது. இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறது, படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஃபுல்பிரைட் - நேரு முதுநிலை உதவித்தொகை மூன்று ஆண்டு அனுபவம் கேட்கிறது. இவ்விரண்டுக்குமான கட்டுரைகளில், படையில் நீங்கள் எடுத்த பொறுப்புகளைப் பதவிப் பெயர்களால் சொல்லாமல், எத்தனை பேரை வழிநடத்தினீர்கள், எந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தீர்கள் என்று பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். மறைக்க வேண்டிய செய்திகளை மறைத்தே எழுத வேண்டும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியின் டாட் அமைப்பு வளர்ச்சித் துறைப் படிப்புகளுக்குத் தரும் உதவித்தொகை பெயரளவில் உங்களுக்குப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் கடைசிப் பட்டம் பெற்று 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்று அதில் விதி இருக்கிறது. பத்தாண்டு சீருடையில் இருந்தவர்கள் பலர் இந்த ஒரு வரியிலேயே வெளியே தள்ளப்படுகிறார்கள்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை பட்டியல் இனத்தவருக்கும் சீர்மரபினருக்கும் உரியது. உசிலம்பட்டிப் பகுதியில் பலர் அந்த வரையறைக்குள் வருவார்கள், மத்திய அரசின் திட்டத்துக்கு உரிய சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். வயது 35-க்குள்ளும் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ளும் இருக்க வேண்டும். அதிகாரியாகச் சம்பளம் பெற்ற ஆண்டின் வருமானம் கணக்கில் வந்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும். உங்களுக்கு 33 வயது என்பதால், வருமானக் கணக்கு எந்த ஆண்டுக்கு என்பதைப் பார்த்து, காலம் தாழ்த்தாமல் விண்ணப்பியுங்கள்.

வங்கிக் கடன் வாங்கிப் படிப்பதானால், பழைய வருமான வரி முறையில் இருப்பவருக்கு அந்தக் கடனின் வட்டி முழுவதற்கும் 8 ஆண்டுகள் வரை விலக்கு உண்டு. பணிக்கொடையாகக் கைக்கு வரும் தொகை முழுவதையும் ஒரே ஆண்டு வெளிநாட்டுக் கட்டணத்தில் கரைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓய்வூதியம் இல்லாதவருக்கு அது ஒன்றுதான் சேமிப்பு.

கேள்வி: என் கணவர் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஐரோப்பாவில் முன்னாள் ராணுவத்தினருக்கு அரசுப் பயிற்சியும் வேலையும் உண்டு என்று சொல்லி, ஓர் ஏஜென்ட் 3 லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, சோழவந்தான்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. மேலே சொன்ன எந்த அரசுத் திட்டத்திலும் பயிற்சி பெறுபவரிடம் ஏஜென்ட் பணம் வாங்குவது என்ற பேச்சே கிடையாது. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்திலோ சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலோ சரிபாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

உங்கள் கணவரைப் போன்ற பயிற்சி பெற்ற வீரர்களுக்கு இதில் பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. உதவியாளர் வேலை, பாதுகாவலர் வேலை, படிப்பு என்றெல்லாம் ஆசை காட்டப்பட்டு ரஷ்யா சென்ற இந்திய இளைஞர்கள் சிலர் உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். 2024 மார்ச்சில் சிபிஐ இதற்காக வழக்குப் பதிந்து பல நகரங்களில் சோதனை நடத்தியது. துப்பாக்கி பிடித்துப் பழகிய கைக்கு இப்படிப்பட்டவர்களிடம் விலை அதிகம் என்பதை மறக்க வேண்டாம். முன்பணம் ஏதேனும் கொடுத்திருந்தால், ரசீதையும் அலைபேசிச் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: முன்னாள் படைவீரரின் மகள் நான். பிரதமரின் கல்வி உதவித்தொகையை வெளிநாட்டுப் படிப்புக்குப் பயன்படுத்த முடியுமா?
- ஒரு மாணவி, பேரையூர்

பதில்: முடியாது. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பாகிய கேந்திரிய சைனிக் போர்டு வழியாகத் தரப்படும் அந்த உதவித்தொகை இந்தியாவில் படிக்கும் தொழிற்கல்விப் பட்டப்படிப்புகளுக்கு மட்டுமே. 2019-20 முதல் மாணவிகளுக்கு மாதம் 3,000 ரூபாயும் மாணவர்களுக்கு 2,500 ரூபாயும் என்று தொகை உயர்த்தப்பட்டது. இங்கேயே முதலாண்டு சேர்ந்திருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு அந்த ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: படையில் வாகனப் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டுப் பயிற்சியெல்லாம் வேண்டாம், ஊரிலேயே ஒரு பட்டறை வைக்க உதவி கிடைக்குமா?
- ஒரு முன்னாள் ஹவில்தார், வாடிப்பட்டி

பதில்: கிடைக்கும். 2024 விடுதலை நாள் உரையில் தமிழக முதலமைச்சர் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை வங்கிக் கடன் பெறலாம். அதில் 30 விழுக்காடு மூலதன மானியமாகவும் 3 விழுக்காடு வட்டி மானியமாகவும் அரசு தருகிறது. தொழில் நடத்துவதற்கான பயிற்சியும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. கைத்தொழில் தெரிந்த உங்களைப் போன்றவருக்கு இது மிகவும் பொருத்தமானது.

பட்டறைக்கான இடத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, இயந்திரங்களின் விலைப்பட்டியலோடு திட்ட அறிக்கை தயாரியுங்கள். வங்கி மேலாளர் முதலில் பார்ப்பது அதைத்தான். டிஸ்சார்ஜ் புத்தகம், முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, படையில் பெற்ற தொழிற்பிரிவுச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றின் நகல்களோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வயது வரம்பு, விண்ணப்பிக்கும் முறை ஆகியவற்றை அங்கே விளக்குவார்கள். தொழிற்பிரிவுச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் உங்கள் படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள், அது வந்து சேரக் காலம் பிடிக்கும்.